பாலம் கட்டிய வணிகர்

(யூபிலி விழாவில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நெல்லையிலிருந்து பாளையங்கோட்டைக்குத் தாமிரபரணியைக் கடக்கும்போதெல்லாம், 1843-ல் தம் கைப்பொருளால் பாலம் எழுப்பிய சிரஸ்தார் சுலோசன முதலியாரை நினைக்கிறோம். அவருக்கு நூறாண்டுகளுக்கும் முன்பே, சென்னையில் ஓர் ஆர்மீனிய வணிகர் இத்தகைய தர்மம் செய்தார். அவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான்.

பாரசீகத்து ஜூல்பாவிலிருந்து வந்த இக்கத்தோலிக்கர், வாணிகத்தில் பெரும்பொருள் ஈட்டினார். பரங்கிமலைக்குச் செல்லும் யாத்திரிகர் அடையாற்றைக் கடக்க, 1726-ல் சைதாப்பேட்டையில் பாலம் கட்டினார். மலையேறப் படிகளும் அமைத்தார். அவற்றைப் பழுதுபார்க்கவும் நிதி வைத்தார். 1751-ல் மரித்தார், உடல் வேப்பேரியில் அடக்கமாயிற்று. அப்பழைய பாலம் 1960-களில் புதுப்பாலத்துக்கு இடம் விட்டது. மலைப்படிகளில் இன்றும் மக்கள் ஏறுகிறார்கள்.

நம்மிலே மின்விசிறிக்கும் பெஞ்சுக்கும் பெயர் எழுதிக் கொடுப்போர் உண்டு, நன்றி கூறுகிறோம். ஆனால் கூரை ஒழுகினால் யாரைத் தேடுவோம்? வாண வேடிக்கைச் செலவில் ஒரு பகுதியைக் குறைத்து, பழுதுபார்க்கும் நிதிக்கு ஒதுக்குவோமா? அதில் பெயர் பொறிக்க இடமிராது. ஆண்டவர் அறிவார், அது போதும்.