காலி மனையும் கைத்துப்பாக்கியும்

அமெரிக்காவில் துப்பாக்கிச் சூடு என்றால் பள்ளிக்கூடமும் வணிக வளாகமும்தான் நமக்கு நினைவுக்கு வரும். ஆனால் அவை மொத்தக் கொலைகளில் மிகச் சிறிய பங்கு. ஏழைத் தெருக்களில் ஒருவர், இருவர் என்று தினமும் விழும் உயிர்கள் நம் காதுக்கு எட்டுவதில்லை.

ஃபிலடெல்ஃபியாவைப் பார்ப்போம். துணி ஆலைகளுக்கும் ஸ்டெட்சன் தொப்பிக்கும் ஒருகாலத்தில் பேர்போன ஊர். கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்கு 1930களிலேயே அரசு வரைபடத்தில் சிவப்பு மை பூசி, இங்கே வீட்டுக்கடன் கொடுப்பது ஆபத்து என்று குறித்துவிட்டார்கள். பிறகு ஆலைகளும் ஒவ்வொன்றாக மூடின. வேலையும் இல்லை, கடனும் இல்லை. முடிந்தவர்கள் வெளியேறினார்கள். பூட்டிக்கிடந்த வீடுகள் இடிந்து, ஆயிரக்கணக்கில் காலி மனைகளாயின.

இடுப்பளவு புதர், பழைய டயர், யாரோ விட்டுப்போன கார். உரிமமின்றி இடுப்பில் துப்பாக்கியோடு போலீஸிடம் சிக்கினால் சிறை என்பதால், அதை இந்த மனைகளில் ஒளித்துவைப்பார்கள். தகராறு மூண்டால் எட்டி எடுத்துக்கொள்ளலாம்!

சார்லஸ் பிரானஸ் என்ற ஆய்வாளரின் குழு 541 மனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தது. சிலவற்றில் குப்பையை அள்ளி, புல் விதைத்து, நாலைந்து மரம் நட்டு, தாழ்வான மரவேலி போட்டார்கள். ஆள் உள்ளே போகலாம், குப்பை கொட்டும் வண்டி போக முடியாது. வேறு சிலவற்றை அப்படியே விட்டார்கள். 2018இல் முடிவு வந்தது: வறுமைக் கோட்டுக்குக் கீழிருந்த பகுதிகளில், சீர்செய்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்திருந்தது.

இடத்தைச் சீர்செய்தாலே வன்முறை குறைகிறது என்றால் துப்பாக்கி பொருட்டல்ல, வறுமைதான் எல்லாம் என்று வாதிடுவோர் உண்டு. நான் ஒப்பமாட்டேன். வறுமையும் கோபமும் எந்த ஊரில் இல்லை? 2017 கணக்குப்படி அமெரிக்காவில் 100 பேருக்கு 120 துப்பாக்கிகள். அதனால்தான் கைகலப்பில் முடிய வேண்டியது கொலையில் முடிகிறது. வீட்டுக்குக் காவல் என்றுதான் பலரும் வாங்குகிறார்கள்; ஆனால் 2021இல் துப்பாக்கியால் இறந்த 48 ஆயிரத்துச் சொச்சம் பேரில் பாதிக்கு மேல் தற்கொலை.

துப்பாக்கிச் சட்டம் வாஷிங்டனில் இழுபறியில் கிடக்கிறது. புல் விதைக்க அந்தச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஃபிலடெல்ஃபியாவின் காலி மனைகளில் பல்லாயிரத்தைப் பென்சில்வேனியா தோட்டக்கலைச் சங்கம் பராமரிக்கிறது. சிறையிலிருந்து திரும்பியவர்களுக்கும் அதில் வேலை கொடுக்கிறார்கள்.