கேள்வி கேட்ட குரல்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



விழா மேடையில் நான்கு வாழ்த்துச் சொற்களைக் கூறி அமர்வது எளிது. ஆயினும், படிப்பை முடித்து வேலை தேடிப் புறப்பட இருக்கும் பிள்ளைகள் பலர் முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றீர்கள். ஆகவே, வேலையை இழந்தும் சொல்லை இழக்காத ஒரு பெண்மணியின் வரலாற்றை உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன். அவர் மெக்சிகோ நாட்டு வானொலி, தொலைக்காட்சிப் பத்திரிகையாளர் கார்மென் அரிஸ்தெகி.

அவர் 1964ஆம் ஆண்டு சனவரி 18ஆம் நாள் மெக்சிகோ நகரில் பிறந்தார். அந்நாட்டின் தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். அவர் வளர்ந்த காலத்தின் நிலையை நாம் முதலில் அறிதல் வேண்டும். 1929 முதல் 2000 வரை எழுபத்தோர் ஆண்டுகள் ஒரே கட்சியே அந்நாட்டை ஆண்டது. ஒலிபரப்பு உரிமம் அரசின் கையில். விளம்பர வருவாயிலும் பெரும்பகுதி அரசினுடையது. மாபெரும் தொலைக்காட்சி நிறுவனமான தெலெவிசாவின் உரிமையாளர், தம்மை ஆளுங்கட்சியின் படைவீரர் என்றே வெளிப்படையாகக் கூறிக்கொண்டார். அத்தகைய நாட்டில் செய்தி வாசிப்பது எளிது. கேள்வி கேட்பதே அரிது.

2005 டிசம்பரில் லிதியா காச்சோ என்ற எழுத்தாளர் கைது செய்யப்பட்டார். சிறுவர்களைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கிய கூட்டத்தை நூலில் அம்பலப்படுத்தியதே அவர் செய்த குற்றம். கான்கூன் நகரிலிருந்து புவேப்லா வரை சாலை வழியாகவே அவரைக் கொண்டு சென்றனர். ஒரு செல்வரும் புவேப்லா மாநில ஆளுநரும் அக்கைது பற்றி மகிழ்ந்து உரையாடிய ஒலிப்பதிவு, 2006 பிப்ரவரியில் அரிஸ்தெகியின் வானொலி நிகழ்ச்சியில் ஒலித்தது. நாடே அதிர்ந்தது. 2008 சனவரியில் அந்த நிலையத்தை விட்டு அவர் வெளியேற நேர்ந்தது.

2009இல் எம்.வி.எஸ். வானொலியில் சேர்ந்தார். 2011 பிப்ரவரியில், குடியரசுத் தலைவர் கால்தெரோனுக்குக் குடிப்பழக்கச் சிக்கல் உண்டு என்று குற்றஞ்சாட்டும் பதாகையை எதிர்க்கட்சி உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் விரித்தனர். அதற்குத் தலைவரின் மாளிகை விடையளிக்க வேண்டாமா என்று மட்டுமே இவர் கேட்டார். நிறுவனம் மன்னிப்புக் கோருமாறு பணித்தது, இவர் மறுத்தார், வேலை போயிற்று. கேட்பவர்கள் தெருவில் திரண்டனர். சில வாரங்களுக்குள் அவர் மீண்டும் ஒலிவாங்கியின் முன் அமர்ந்தார்.

இனி வருவதே அவர் வாழ்வின் பெருஞ்சோதனை. 2014 நவம்பர் 9ஆம் நாள், அவருடைய செய்திக் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். குடியரசுத் தலைவர் பேனியா நியேத்தோவின் குடும்பத்திற்கென மெக்சிகோ நகரில் கட்டப்பட்ட, சுமார் எழுபது இலட்சம் டாலர் மதிப்புள்ள வெள்ளை மாளிகை ஒன்று, அரசு ஒப்பந்தங்கள் பெற்ற குருப்போ ஹிகா என்ற குழுமத்தைச் சார்ந்த நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருந்தது என்பதே அது. அதே குழுமம் பங்கேற்ற அதிவேக இரயில் ஒப்பந்தம் அச்செய்தி வெளிவருவதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் இரத்து செய்யப்பட்டிருந்தது. தாம் நடிகையாக ஈட்டிய பொருளைக் கொண்டே அம்மனையை வாங்குவதாகத் தலைவரின் துணைவியார் விளக்கமளித்தார். அரசின் விசாரணை 2015இல் முறைகேடு இல்லை என்றது. ஆயினும் 2016 சூலையில் தலைவரே மக்களிடம் மன்னிப்புக் கோரினார்.

அதற்கு முன்பே, 2015 மார்ச்சு மாதத்தில், அவ்வாய்வில் உழைத்த செய்தியாளர் இருவரை வானொலி நிறுவனம் நீக்கியிருந்தது. நிறுவனத்தின் பெயரை மெக்சிகோலீக்சு என்ற தகவல் தளத்திற்கு இசைவின்றிப் பயன்படுத்தினர் என்பதே அது கூறிய காரணம். இளைஞர்களே, இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். அரிஸ்தெகியின் நாற்காலி அவரிடமே இருந்தது. வாய்மூடி இருந்திருந்தால் அது நிலைத்திருக்கவும் கூடும். ஆனால், என் தோழர்களைத் திரும்ப அழையுங்கள் என்று அவர் கேட்டார். மார்ச்சு 15ஆம் நாள் அவரும் நீக்கப்பட்டார். உழைப்பில் பங்கு கொண்டவர்களைத் துன்பத்தில் தனியே விடலாகாது என்பதை அவர் நூலில் எழுதவில்லை, வாழ்ந்து காட்டினார்.

அதன்பின் ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் நாட்டு வானொலியில் அவர் குரல் இல்லை. 2017 சனவரியில் இணையத்தில் தம் நேரடி நிகழ்ச்சியைத் தொடங்கினார். அதே ஆண்டு சூனில், பெகாசசு என்ற உளவு மென்பொருளை ஏவும் குறுஞ்செய்திகள் அவருக்கு மட்டுமன்றி, அப்போது சிறுவனாயிருந்த அவர் மகனுக்கும் அனுப்பப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. தாயின் தொழிலுக்குப் பிள்ளையும் விலை கொடுக்க நேர்ந்தது. 2018 அக்டோபரில் அவர் வானொலிக்குத் திரும்பினார்.

ஆட்சி மாறியது, கேள்வி மாறவில்லை. 2021இல் புதிய தலைவர் லோப்பசு ஒப்ரதோரின் மகன்கள் தொடர்பான செய்தியை வெளியிட்டபோது, அத்தலைவரும் தம் காலைச் செய்தியாளர் கூட்டத்தில் அவரைப் பெயர் சொல்லிச் சாடினார். முன்னர் அவரைப் போற்றியவர் பலர் அன்று தூற்றினர். மாற்றாரைக் கேட்கும் கேள்வியை வேண்டியவரிடமும் கேட்பவரே நேர்மையாளர். 2000ஆம் ஆண்டு முதல் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பத்திரிகையாளர்கள் அந்நாட்டில் கொல்லப்பட்டுள்ளனர் என்பதை நினைவிற் கொண்டால், அத்துணிவின் எடை விளங்கும்.

நீங்கள் அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் ஆலைகளுக்கும் செல்வீர்கள். கணக்கு ஒன்று பொருந்தாதபோதும், உடன் உழைப்பவர் ஒருவர் தவறின்றித் தண்டிக்கப்படும்போதும், பணிவோடு ஆனால் தெளிவோடு ஒரு கேள்வி கேளுங்கள். அதற்கு முன், கேட்பதற்குரிய சான்றுகளைத் தேடிப் படித்து வையுங்கள். சான்றில்லாக் கேள்வி வெறும் கூச்சல். சான்றுள்ள கேள்விக்கு ஆட்சியும் விடை சொல்லியாக வேண்டும். நாம் பெற்ற கல்வியின் பயன் அதுவேயாகும்.