கடாரத்துக் கடலில் இரண்டு கப்பல்கள்



கடற்போரைப் பற்றிப் பேச வெள்ளாற்றங்கரைத் திட்டக்குடிக்கு என்னை அழைத்திருக்கிறீர்கள். இங்கிருந்து கடல் கண்ணுக்கு எட்டாதுதான். ஆனால் இந்த ஆறு போய் விழுகிற பரங்கிப்பேட்டையிலிருந்து மரக்காயர்களின் கப்பல்கள் துணி ஏற்றிக்கொண்டு அச்சேக்கும் கெடாவுக்கும் போயிருக்கின்றன. கெடாதான் பழைய கடாரம். என் பேச்சு அந்தக் கடலைத் தாண்டிப் போகாது.

அந்தக் கடலுக்கு நம்மில் பலரை முதலில் கூட்டிப்போனவர் சாண்டில்யன். 1960களில் குமுதத்தில் தொடராக வந்த அவருடைய நாவல் 'கடல் புறா'; அது ஒரு போர்க்கப்பலின் பெயர். அதை நடத்துபவன் கருணாகரத் தொண்டைமான். நாடு விடுதலையாகிக் கால் நூற்றாண்டு ஆகாத காலத்தில், நமக்கும் ஒரு கடற்படை இருந்தது என்று சொன்ன கதை அது. வருணனை நீளம்தான், காதல் காட்சிகள் அதைவிட நீளம். இருந்தாலும் பாய், சுக்கான், காற்றின் திசை என்றெல்லாம் ஒரு உள்நாட்டு வாசகனை யோசிக்க வைத்ததே, அதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

இதே கடலில் இன்னொரு கப்பலும் போயிற்று. சிங்கம்புணரியில் பிறந்த ப. சிங்காரம் 1938இல் பிழைப்புக்காகச் சுமத்ராவிலுள்ள மேடானுக்குப் போனார். இரண்டாம் உலகப் போர் முடிந்து 1946இல் ஊர் திரும்பினார். அவருடைய 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வெளிவந்தது. அதில் நாயகன் பாண்டியன் சுமத்ராவிலிருந்து பினாங்குக்குப் போவது தொங்கானில். சரக்கும் வியாபாரிகளும் ஏறிய பாய்மரக் கலம் அது. பீரங்கி கிடையாது, கொடிக்கு மரியாதை கிடையாது. நடுக்கடலில் புயல் வருகிறது. தமிழ் உரைநடை அந்தப் பக்கங்களில் ஆடுவதுபோல் வேறெங்கும் ஆடியதில்லை என்பது என் துணிபு.

கதை நடக்கும் அந்தப் போர்க்காலத்தில், புயலுக்கு வெளியே அந்தக் கடல் எப்படி இருந்தது என்று பாருங்கள். 1942 ஏப்ரல் 5இல் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் தேதி திருகோணமலையைத் தாக்கி, மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹெர்மிஸ்' என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கியை மூழ்கடித்தன. 1943 முதல் பினாங்குத் துறையில் ஜப்பானிய நீர்மூழ்கிகளோடு ஜெர்மன் நீர்மூழ்கிகளும் வந்து நின்றன. எதிர்த்தரப்பான பிரிட்டிஷ் நீர்மூழ்கிகள் மலாக்கா நீரிணையில் பெரிய கப்பல்களைத் தேடி, கிடைக்காதபோது சிறு சரக்குக் கலங்களையும் மூழ்கடித்தன. ஜப்பானியர் சரக்கு நடமாட்டத்துக்கு அவற்றையே நம்பியிருந்ததுதான் காரணம். ஆக, தொங்கான் ஏறியவனுக்குப் புயல் ஒன்றுதான் ஆபத்து என்றில்லை. 1945 மே 16 விடியலுக்கு முன், ஐந்து பிரிட்டிஷ் நாசகாரிகள் 'ஹகுரோ' என்ற ஜப்பானியக் கனரகப் போர்க்கப்பலை மூழ்கடித்ததும் பினாங்குக்குத் தென்மேற்கேதான். கடற்படை வரலாற்றில் ஹகுரோவுக்குத் தனி அத்தியாயமே உண்டு. தொங்கானுக்கு நாவல்தான் உண்டு.

விளையாட்டைப் பற்றியும் சொல்லச் சொன்னீர்கள்; அதற்காக மட்டும் கடாரத்துக் கடலை விட்டுப் பாக்கு நீரிணைக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தில் தொண்டைமானாறு என்றொரு ஊர். உப்பு ஏற்றிப்போகக் கருணாகரத் தொண்டைமான் ஆற்றை வெட்டி ஆழப்படுத்தியதால் வந்த பெயர் என்று அங்கே மரபாகச் சொல்வார்கள். ஆம், சாண்டில்யனின் அதே நாயகன்! அந்த ஊர்க்காரர் நவரத்தினசாமி 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1966இல், மிஹிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தியபோது இந்தியக் கடற்படைக் கப்பல்கள் துணைக்கு வந்தன. இந்தியப் பொது அறிவுப் புத்தகங்களில் சென் பெயர் இருக்கும். முன்னவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

வெளியே புத்தக மேசை போட்டிருக்கிறார்கள். 'கடல் புறா' மூன்று பாகமும் படித்து முடித்தவர்கள் இன்று சிங்காரத்தை வாங்கிப் போங்கள். முதலில் புயல் அத்தியாயத்தைத் திறந்தாலும் தவறில்லை.