நரம்பில்லா உயிரில் மின் துடிப்பு
(ஓர் உரையின் எழுத்து வடிவம்)

கடற்பஞ்சு தாவரமன்று, விலங்கு. ஆயினும் அதற்கு மூளையோ, நரம்போ, தசையோ கிடையாது. உடலிலுள்ள எண்ணற்ற துளைகள் வழியே கடல்நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள பாக்டீரியாக்களை வடிகட்டி உண்டு அது உயிர் வாழ்கிறது. இத்தகைய உயிரின் ஒரு பகுதியில் நேர்வதை மற்றொரு பகுதி எவ்வாறு அறிகிறது?

இவ்வினாவுக்கான விடையின் முதற்கூறு கனடாவின் மேற்குக் கரையோரத்தில் கிடைத்தது. அங்குள்ள குளிர்நீரில் வாழும் ராப்டோகலிப்டஸ் டாசனி என்னும் கண்ணாடிக் கடற்பஞ்சை லான், மேக்கி, சில்வர் ஆகிய மூவரும் ஆராய்ந்து, 1981-இல் முடிவுகளை வெளியிட்டனர். அதன் உடலில் ஓரிடத்தைத் தொட்டாலும், சிறிதளவு மின்சாரத்தைச் செலுத்தினாலும், உடல் முழுவதிலும் நீரோட்டம் நின்று, பிறகு மீண்டும் தொடங்கியது. ஏதோ ஒரு செய்தி பரவுகிறது என்பது தெளிவாயிற்று.

அச்செய்தி மின் வடிவானதுதான் என்று மெய்ப்பிக்க வேண்டுமாயின், அதனை நேரடியாக அளந்தாக வேண்டும். இடர்ப்பாடு இங்குதான் எழுந்தது. இக்கடற்பஞ்சின் உடற்கூடு சிலிக்கா நுண்முட்களால் ஆனது. அதன்மேல் படர்ந்துள்ள உயிர்த்திசுவோ சிலந்தி வலையைப் போல் மெல்லியது. மின்முனையைப் பொருத்த ஏற்ற இடமே இல்லை.

சாலி லேய்ஸ், ஜார்ஜ் மேக்கி இருவரும் இதற்கு ஓர் எளிய வழி கண்டனர். கடற்பஞ்சின் திசுவைச் சிதைத்து, அது மீண்டும் ஒன்றுகூடித் திரளுமாறு செய்து, அத்திரளை அதே கடற்பஞ்சின் உடற்சுவரில் ஒட்டவைத்தனர். ஒட்டு உடலோடு இணைந்தது. மின்முனைக்கு இடமும் கிடைத்தது. கடற்பஞ்சின் மின் துடிப்பு பதிவான செய்தி 1997-இல் வெளிவந்தது.

மீச் என்பாருடன் சேர்ந்து அவர்கள் 1999-இல் வெளியிட்ட அளவுகள் வருமாறு: துடிப்பின் வேகம் நொடிக்கு 0.27 சென்டிமீட்டர், ஒரு துடிப்பு நீடிக்கும் காலம் ஏறத்தாழ 5 நொடி, அடுத்த துடிப்பு எழுவதற்கு ஏறத்தாழ 29 நொடி இடைவெளி வேண்டும். பாலூட்டிகளின் விரைவான நரம்புகளில் செய்தி நொடிக்கு 100 மீட்டர் வரை செல்வதோடு ஒப்பிட்டால், இதன் மந்தகதி விளங்கும். இங்குத் துடிப்பை உண்டாக்குவதில் முதன்மைப் பங்கு கால்சியம் அயனிகளுக்கே உரியது.

நரம்பின்றி இது நிகழ்வது எங்ஙனம்? கண்ணாடிக் கடற்பஞ்சின் திசுவில் பெரும்பகுதி தனித்தனிச் செல்களாகப் பிரிந்திருப்பதில்லை. பல உட்கருக்களைக் கொண்டு, இடைத்தடுப்பின்றி உடலெங்கும் தொடரும் ஒரே வலையாக அது அமைந்துள்ளது. அவ்வலையே மின்கம்பியின் பணியை ஆற்றுகிறது. பிற கடற்பஞ்சு வகைகளுக்கு இவ்வமைப்பு இல்லை. அவை மெல்லச் சுருங்கி விரிந்தே புறத்தூண்டலுக்கு விடை தருகின்றன.

இந்த ஆய்வு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. நீரில் கலங்கும் வண்டல் பட்டாலும் கண்ணாடிக் கடற்பஞ்சு நீரோட்டத்தை நிறுத்திவிடுகிறது என்பதைப் பின்னர் லேய்ஸ் குழுவினர் காட்டினர். ஓட்டம் நின்றால் உணவும் நின்றது என்றே பொருள். கடலடியை உழுது செல்லும் இழுவலை, நேரே மோதாமல், வண்டலைக் கிளப்பினாலே தீங்கு விளையக்கூடும் என்பது இதனால் புலனாகிறது.

கனடாவின் ஹெகேட் நீரிணையில் 1987-இல் கண்டறியப்பட்ட கண்ணாடிக் கடற்பஞ்சுத் திட்டுகள் ஏறத்தாழ 9,000 ஆண்டுகள் பழமையானவை. அவற்றையும் குயின் சார்லட் கடற்பகுதித் திட்டுகளையும் கனடா அரசு 2017-இல் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியாக அறிவித்தது. அத்தகைய பகுதிக்கு எல்லை வகுப்போர், வலை படும் இடத்தை மட்டுமன்றி, வண்டல் பரவும் தொலைவையும் கணக்கிட வேண்டும். நொடிக்கு 3 மில்லிமீட்டர்கூடச் செல்லாத ஒரு துடிப்பை அளந்ததன் பயன் அங்கே தெரிகிறது.