கொல்லைவாசல்
(அறக்கட்டளைச் சொற்பொழிவு)



இந்த அறக்கட்டளையை ஏற்படுத்திய அம்மையார் கிராமத் துணைச் சுகாதார நிலையத்தில் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவர். தமக்குக் கிடைத்த பணிக்கொடையில் ஒரு பங்கை வங்கியில் போட்டுவிட்டு, "வருஷத்துக்கு ஒருத்தர் வந்து வேலையைப் பத்திப் பேசட்டும், என் பேரை மட்டும் சொல்ல வேண்டாம்" என்று எழுதி வைத்தார். அவர் மறைந்த பிறகும் குழுவினர் அந்தச் சொல்லைக் காத்து வருகிறார்கள். நானும் காக்கிறேன்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, மக்கள் எந்தத் தொழிலை உயர்ந்தது என்று கருதுகிறார்கள், ஏன் என்பது. முதல் பாதிக்கு விடை சொல்ல ஆராய்ச்சி வேண்டியதில்லை. எந்தப் பள்ளிக்கூடத்திலும் போய்க் கேளுங்கள். டாக்டர், கலெக்டர் என்ற இரண்டு சொற்கள்தான் முன்னே வந்து நிற்கும். பிளஸ் டூ தேர்வில் மாநில அளவில் இடம் பிடித்தவர்களின் படங்கள் நாளிதழ்களில் வந்துகொண்டிருந்த காலம் நினைவிருக்கும். 2017இல் அந்தத் தரவரிசை அறிவிப்பு நிறுத்தப்பட்டது. அந்தப் பிள்ளைகளில் பலர் இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொன்னார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அரசு வேலை என்றால் எந்த வேலையானாலும் சரி என்ற நிலையும் இருக்கிறது. 2022இல் தொகுதி நான்கு தேர்வுக்கு, 7,301 இடங்களுக்கு, 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் கைகட்டி நின்ற குடும்பம், தன் பிள்ளையாவது அந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று நினைக்கிறது. அதில் நியாயம் இருக்கிறது.

'ஏன்' என்பதற்குத்தான் நான் வேறு வழியாகப் போக வேண்டியிருக்கிறது. என் அப்பத்தாவின் வழியாகப் போகிறேன்.

என் அப்பத்தா மருத்துவச்சி. எங்கள் சாதியில் ஆண்கள் முடி திருத்துவார்கள், கட்டி கீறுவார்கள், புண்ணுக்கு மருந்து போடுவார்கள். பெண்கள் பிரசவம் பார்ப்பார்கள். தமிழ்நாட்டு அரசின் சாதிப் பட்டியலில் எங்களுக்குப் பல பெயர்கள் உண்டு: மருத்துவர், நாவிதர், இன்னும் சில. அவற்றுள் ஒன்று பிராணோபகாரி. உயிருக்கு உபகாரம் செய்பவர் என்று பொருள். பட்டியலில் இவ்வளவு பெரிய பெயர். ஊரில் நாங்கள் நடக்கக் கூடாத தெருவும் இருந்தது.

1960களில் நான் சிறுவனாக இருந்தபோது பார்த்ததைச் சொல்கிறேன். நடுச்சாமத்தில் பண்ணைக்காரர் வீட்டு ஆள் வந்து குரல் கொடுப்பான். அப்பத்தா விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். நானும் சில நாள் பின்னாலேயே ஓடியிருக்கிறேன். தலைவாசல் வழியாகப் போகக் கூடாது. வீட்டைச் சுற்றி, மாட்டுக் கொட்டகையைத் தாண்டி, கொல்லைவாசல் வழியாகத்தான் போக வேண்டும். உள்ளே போன பிறகு அந்த வீட்டின் மிகப் பெரிய காரியம் அவர் கையில். வலி எடுத்த பெண்ணின் வயிற்றைத் தடவியே தலை எங்கே, கால் எங்கே என்று சொல்வார். குழந்தை விழுந்ததும் கொடி அறுத்து, துடைத்து, தம் இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே அந்தப் பச்சை மண்ணைப் படுக்க வைத்து வெந்நீர் ஊற்றுவார். இடது கையால் நெற்றியில் அணை கட்டியிருப்பார். ஒரு சொட்டு கண்ணில் போகாது. அந்தக் கையின் அழகை நான் எப்படிச் சொல்வேன்!

விடிந்ததும் கூலி. பையன் என்றால் ஒரு மரக்கால் நெல், பெண் என்றால் அதில் பாதி, ஒரு பழைய சேலை. அதுவும் கொல்லைப்புறத்தில்தான், சேலையைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார்கள். அறுப்புக் காலத்தில் களத்துமேட்டில் ஊர்த் தொழிலாளிகளுக்கெல்லாம் அளக்கிற நெல்லில் எங்கள் வீட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்குக்குப் பெயர் 'சுதந்திரம்'. அவர் கையில் பிறந்து எழுந்து நடந்த பிள்ளைகள், பத்து வயதில் அவரை "ஏ மருத்துவச்சி, இங்க வா" என்று கூப்பிட்டார்கள்.

தொழிலின் மதிப்பை அளந்து பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் 1947இல் ஓர் ஆய்வு நடந்தது. 90 தொழில்களின் பட்டியலைக் கொடுத்து மக்களை மதிப்பிடச் சொன்னார்கள். உச்ச நீதிமன்ற நீதிபதி முதலில் வந்தார், அடுத்த வரிசையில் மருத்துவர், கடைசியில் காலணிக்கு மெருகு போடுபவர். 1963இல் அதே பட்டியலை மறுபடி கொடுத்துப் பார்த்தபோது வரிசை ஏறக்குறைய அசையவே இல்லை. பிறகு டொனால்ட் ட்ரைமன் என்ற சமூகவியலாளர் சுமார் 60 நாடுகளின் இத்தகைய தரவுகளைச் சேர்த்து 1977இல் ஒரு நூல் வெளியிட்டார். எந்த நாட்டுக்குப் போனாலும் வரிசை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது என்றார். அவர் சொன்ன காரணம் இது: எந்தச் சமுதாயத்திலும் சில வேலைகளுக்கு நீண்ட பயிற்சி வேண்டும். அந்தத் திறமை அதிகாரத்தைத் தருகிறது, அதிகாரம் வசதியைத் தருகிறது, இவை சேர்ந்து மதிப்பாகின்றன.

நமக்குப் பட்டியல்கூடத் தேவையில்லை. தமிழில் வினைமுற்றே அளவுகோல். "டாக்டர் வந்துட்டார்", "நர்ஸ் வந்தாங்க", "மருத்துவச்சி வந்தா." மூன்று பேரும் ஒரே கட்டிலருகே, ஒரே பெண்ணுக்காக வந்தவர்கள். வினையின் வாலில் வித்தியாசம் தெரிகிறது. அதனால்தான் இந்த மேடையில் என் அப்பத்தாவை 'அவர்' என்றே சொல்லிவருகிறேன். எங்கள் வீட்டில்கூட யாரும் அவரை அப்படிச் சொன்னதில்லை.

ட்ரைமன் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் அப்பத்தாவிடம் நீண்ட பயிற்சி இருந்தது, உயிரின் மேல் அதிகாரமும் இருந்தது. மதிப்பு ஏன் வரவில்லை? இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

இங்கிலாந்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். அங்கும் முடி திருத்துபவர்தான் அறுவை செய்தார். 1540இல் எட்டாம் ஹென்றி காலத்தில் நாவிதரும் அறுவையாளரும் ஒரே சங்கமாகச் சேர்க்கப்பட்டார்கள். கையால் வேலை செய்பவர் என்பதால் மருந்து எழுதிக்கொடுக்கும் வைத்தியருக்குக் கீழேதான் அவருக்கு இடம். 1745இல் அறுவையாளர்கள் பிரிந்து போய்த் தனிச் சங்கம் கண்டார்கள், 1800இல் அது அரச கல்லூரி ஆனது. இன்றும் பிரிட்டனில் அறுவை நிபுணரை 'டாக்டர்' என்று சொல்லாமல் 'மிஸ்டர்' என்றே அழைக்கிறார்கள். அந்தப் பழைய காலத்தின் தடம் அது. அங்கே நாவிதர் கீழேயே நின்றுவிட்டார், மறுக்கவில்லை. ஆனால் கத்தி பிடித்த கைகள் தாங்களே சங்கம் கட்டி, தாங்களே கல்லூரி ஆகி, தொழிலோடு சேர்ந்து மேலே ஏறின.

இங்கே தொழில் மட்டும் ஏறியது. கைகள் கீழேயே விடப்பட்டன.

1794இல் லண்டனில் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' ஒரு செய்தி வெளியிட்டது. கவாஸ்ஜி என்ற மராட்டியர் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டியவர். திப்புவின் ஆட்களிடம் பிடிபட்டு மூக்கை இழந்தார். அவருக்கு நெற்றித் தோலை எடுத்துப் புது மூக்கு வைத்தவர் செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர். மூக்கிழந்த கவாஸ்ஜியின் பெயரைப் பத்திரிகை எழுதியது, படத்தையும் போட்டது. மூக்கு வைத்தவரைச் சாதியால் மட்டும் குறித்தது. அதைப் படித்த ஜோசப் கார்பியூ என்ற அறுவையாளர் 1814இல் லண்டனில் அதே முறையில் அறுவை செய்து நூலும் எழுதினார். ஒட்டறுவை மருத்துவ வரலாற்றில் கார்பியூவுக்கு உரிய இடம் இருக்கிறது.

சென்னையில் 1835இல் மருத்துவப் பள்ளி தொடங்கியது, 1850இல் கல்லூரி ஆயிற்று. எழும்பூர்ப் பிரசவ மருத்துவமனை 1844இல் வந்தது. இவை இந்த மண்ணுக்குக் கிடைத்த கொடைகள். 1875இல் மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்கள் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தார்கள். முத்துலட்சுமி ரெட்டி 1912இல் பட்டம் பெற்றார். அவர் எத்தனை கதவுகளைத் தட்டித் திறந்தார் என்பதை இங்கிருக்கும் செவிலியர் பள்ளி மாணவியர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பிணத்தைத் தொடுவது, இரத்தத்தைத் தொடுவது, பிள்ளை பெற்ற தீட்டைத் தொடுவது ஆகிய மூன்றும் கொல்லைப்புறத்து ஆட்களின் வேலையாக இருந்தன. 1836இல் கல்கத்தாவில் மதுசூதன் குப்தா மாணவர்களோடு சேர்ந்து மனித உடலை அறுத்தது பெரும் புரட்சியாகப் பேசப்பட்டது. கல்லூரி வந்த பிறகு அதே தொடுதல் பட்டத்துக்கு உரிய தொடுதல் ஆயிற்று. தீட்டு கழன்று மதிப்பு ஒட்டிக்கொண்டது. 1914இல் மெட்ராஸ் மருத்துவர் பதிவுச் சட்டம், 1926இல் செவிலியர், தாதியர் சட்டம். பதிவேட்டில் பெயர் ஏற அங்கீகரித்த படிப்பு வேண்டும் என்றார்கள். அது மக்களின் பாதுகாப்புக்குத் தேவை. அந்தப் படிப்புக்கான பள்ளிக்கூடம் இருந்த தெருவில்தான் எங்களுக்கு நடக்க உரிமை இல்லை.

பழையதெல்லாம் நல்லது என்று நான் சொல்ல வந்ததாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் அப்பத்தா கையில் பிள்ளைகள் இறந்திருக்கின்றன. பிறந்து எட்டு நாளில் உடம்பு விறைத்து, வாய் திறக்காமல் இறந்த குழந்தைகளைக் காற்று தட்டிவிட்டது என்றார்கள். அது ரணஜன்னி, கொடி அறுத்த கத்தியில் வந்தது. பின்னாளில் அரசு மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுத்தபோது அப்பத்தாவும் போனார். கை சுத்தம், இடம் சுத்தம், பிளேடு சுத்தம், நூல் சுத்தம், கொடி சுத்தம் என்று ஐந்தையும் விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே திரும்பி வந்தார். கொடுத்த அலுமினியப் பெட்டியைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தார். ஒருநாள் இரவு என்னிடம், "இதை முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா அந்தப் புள்ளைகள்லாம் இருந்திருக்கும்லப்பா" என்றார். அன்றைக்கு அவர் அழுதது போல நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

இன்று தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் 99க்கு மேல் மருத்துவமனைகளில் நடக்கின்றன. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று சொல்லும் கணக்கு இது. இதைச் சாதித்ததில் மருத்துவருக்கு எவ்வளவு பங்கோ, வீடு வீடாக நடந்து கருவுற்ற பெண்களைப் பதிவு செய்து, மாத்திரை கொடுத்து, வலி எடுத்ததும் கூட்டிக்கொண்டு போன கிராமச் செவிலியருக்கும் அவ்வளவு பங்கு உண்டு. செவிலியருக்கு நாம் என்ன கொடுத்தோம்? தேர்வு எழுதி ஒப்பந்த முறையில் அரசு மருத்துவமனைகளில் சேர்ந்த செவிலியர், 7,700 ரூபாய் சம்பளத்தோடு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்குநரகம்) வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். பட்டயமும் பட்டமும் பெற்றவர்கள், பதிவேட்டில் பெயர் உள்ளவர்கள். படித்தால் மதிப்பு வரும் என்று சொன்னோம். அவர்கள் படித்து முடித்து வந்தும் மரக்கால் நெல்லைத்தான் அளந்து போட்டோம்.

சோவியத் நாட்டில் டாக்டர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பெண்களாக இருந்தார்கள். அங்கே டாக்டரின் சம்பளம் ஆலைத் தொழிலாளியின் சம்பளத்தை எட்டவில்லை. அதே படிப்பு, அதே நோய், அதே மருந்து. ஆகவே மதிப்பு தொழிலுக்குள் எங்கோ உட்கார்ந்திருக்கிறது என்று நான் நம்பவில்லை. யார் செய்கிறார், எந்த வாசல் வழியாக வருகிறார், கூலியை யார் கையில் கொடுக்கிறோம், எந்த வினைமுற்றைப் போடுகிறோம் என்று பார்த்துப் பார்த்து நாம்தான் வைக்கிறோம். வைத்தது நாம் என்றால் மாற்றி வைக்கவும் நம்மால் முடியும். டாக்டருக்குக் கொடுப்பதில் ஓர் அணுவும் குறைக்கச் சொல்லவில்லை. கையால் செய்கிறவர்களுக்கும் அதைக் கொடுங்கள் என்கிறேன்.

சென்ற ஆண்டு என் மகளுக்குக் குழந்தை பிறந்தது. நல்ல மருத்துவமனை, பெண் மருத்துவர், எல்லாம் சுகமாக முடிந்தது. வீட்டுக்கு வந்த பிறகு குழந்தையைக் குளிப்பாட்ட எங்களுக்கு யாருக்கும் கை வரவில்லை. பக்கத்துக் குடியிருப்பில் விசாரித்து ஓர் அம்மாளை வரச் சொன்னோம். எழுபது வயதிருக்கும். காலையில் கதவைத் திறந்தேன். செருப்பைக் கழற்றிப் படிக்கட்டின் ஓரம் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வீட்டின் பக்கவாட்டுச் சுவரைப் பார்த்தபடி நின்றார். மூன்றாவது மாடி. அடுக்குமாடி வீட்டுக்குக் கொல்லை ஏது?

"பின்பக்கம் வழி எங்கங்கய்யா?" என்று கேட்டார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உள்ளேயிருந்து என் மகள்தான், "வாங்க பாட்டி, இப்படியே நேரா வாங்க" என்று கூப்பிட்டாள். அவர் கூடத்தைக் கடந்து போய், குளியலறைத் தரையில் மணை போட்டு உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டினார். குழந்தையை வாங்கி முழங்காலுக்குக் கீழே படுக்க வைத்தார். இடது கை தானாகவே அதன் நெற்றிக்குப் போயிற்று.