நிற்கும் நேரம்



மணி அடித்த பின் வரும் மாணவனைப் பள்ளி வாயிலிலே நிறுத்தி வைப்பது, தலைமையாசிரியனாக நான் கைக்கொண்டிருந்த வழக்கம். டவுன் பஸ் தாமதம் என்று அவன் சொன்னால், முன்னதாகப் புறப்பட்டிருக்கலாமே என்பேன். அந்த விடையிலே பிழை உண்டு என்பதை, ஓய்வு பெற்ற பிறகு, அம்மாபேட்டைக்கு வெகு தொலைவிலுள்ள அகமதாபாத்திலேதான் உணர்ந்தேன். மகள் வீட்டுக்குச் சென்றிருந்த சமயம் அது.

அந்நகரிலே 2009 அக்டோபரில், முதற்கட்டமாக 12.5 கிலோமீட்டர் தூரத்துக்கு விரைவுப் பஸ் பாதை திறக்கப்பட்டது. ‘ஜன்மார்க்’, அதாவது மக்கள் பாதை, என்று பெயர். சாலையின் நடுவே பஸ்ஸுக்கென்றே தடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நிலையமும் நடுவிலேயே இருப்பதால் பஸ்ஸின் கதவு வலப்பக்கம் திறக்கிறது. டிக்கெட்டை நிலையத்திலேயே வாங்கிவிடுகிறோம். மேடையும் பஸ்ஸின் தளமும் ஒரே மட்டம். மூட்டுவலிக்காரனாகிய நான் கம்பியைத் தேடாமல், கூடத்திலிருந்து தாழ்வாரத்துக்குப் போவதுபோல் உள்ளே போனேன்.

பழைய கணக்கு வாத்தியாருக்குக் கை சும்மா இருக்குமா? உயர்ந்த படியில் ஏற ஒருவருக்கு நான்கு வினாடி என்று கொள்வோம். பதினைந்து பேர் ஏற ஒரு நிமிடம். பதினைந்து நிறுத்தங்களுக்குக் கால் மணி. தாமதம் பஸ் ஓடுவதிலே மட்டும் இல்லை, நிற்பதிலேயும் இருக்கிறது. என் மாணவர்கள் வாயிலிலே நின்றதும் ஏறக்குறைய அந்தக் கால் மணிதான்.

பிரேசில் நாட்டுக் குரிட்டிபா நகரம் 1974லேயே பஸ்ஸுக்கென்று தனித் தடம் ஒதுக்கி வழிகாட்டியது. அப்போதைய மேயர் ஜெய்மி லெர்னர் ஒரு கட்டடக் கலைஞர். ரயில் பாதை போடப் பெருஞ்செலவு ஆகும் என்று கண்டு, ரயிலின் இலக்கணத்தைப் பஸ்ஸுக்குக் கற்பித்தார்கள்.

தில்லியோ பாடத்தைப் பாதி மட்டும் படித்தது. 2008இல் அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர் நடுப்பாதை அமைத்தார்கள், டிக்கெட்டோ பஸ்ஸுக்குள்ளேதான். நிறுத்தங்களிலே பஸ்கள் வரிசைகட்டின. பக்கத்துத் தடத்திலே கார்கள் தேங்கின. கார்காரர்களின் கோபம் வழக்காயிற்று. 2012இல் உயர் நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளியபோதிலும், 2016இல் பாதையை இடிக்கத் தொடங்கினார்கள். குறையைத் திருத்தியிருக்கலாம் என்பது என் எண்ணம். ஒரு பஸ்ஸில் அறுபது பேர் இருந்தாலும், சாலையிலே அது ஒரு வண்டியாகத்தானே எண்ணப்படுகிறது!

அம்மாபேட்டைச் சாலையிலே நடுப்பாதைக்கு இடம் ஏது என்று கேட்பீர்கள். இல்லைதான். அகமதாபாத்திலும் நெருக்கடியான பழைய பகுதிகளில் அந்தப் பஸ் பிற வண்டிகளோடு கலந்தே செல்கிறது. ஆனால், தளம் தாழ்ந்த பஸ்ஸுக்கும், ஏறுமுன் டிக்கெட் கொடுப்பதற்கும் சாலையை அகலப்படுத்த வேண்டியதில்லையே.

நான் வாயிலில் நிறுத்திய மாணவர்களில் ஒருவர் இன்று டவுன் பஸ் நடத்துநர். சென்ற வாரம், “சார், படி உயரம், பார்த்து” என்று கைகொடுத்து என்னை ஏற்றிவிட்டார். எனக்குப் பின்னே, புத்தகப் பையோடு ஒரு சிறுவன் ஏறக் காத்திருந்தான். மணி ஒன்பதரையை நெருங்கிக்கொண்டிருந்தது.