பங்கிலாபம் எங்கிருந்து வருகின்றது?



பிறநாடுகளில் உழைத்து, அங்கேயே சேமிப்பைப் பங்குகளில் இட்டு வைத்திருக்கும் நம்மவர் பலர் உளர். உழைப்பு ஓயும் வயதை அடுத்தோருக்கு முகவர்கள் எடுத்துரைப்பனவற்றுள் ஒன்று உலக உட்கட்டமைப்பு நிதியம். மின்வழங்கல், எண்ணெய்க் குழாய்கள், விமான நிலையங்கள், துறைமுகங்கள், கட்டணச் சாலைகள் ஆகியவற்றை நடத்தும் கம்பனிகளின் பங்குகளைப் பல நாடுகளிலும் வாங்கி, கிடைக்கும் பணத்தை மாதந்தோறுமோ காலாண்டுதோறுமோ பகிர்ந்தளிப்பது இந்நிதியத்தின் தொழில். காலம் கெட்டாலும் மக்கள் விளக்கேற்றுவர், நீர் அருந்துவர். ஆதலால் வருமானம் தளராது என்பர். பெரும்பாலும் அது சரியே. ஆயினும் நூறு ரூபாவுக்கு எட்டு ரூபா பங்கிலாபம் என்று கேட்டதும் மகிழ்பவர் பலர்; அந்த எட்டு ரூபா எங்கிருந்து வருகின்றது என்று கேட்பவர் சிலர். இன்று அக்கேள்வியை எடுத்துக்கொள்வோம்.

உட்கட்டமைப்புப் பங்குகளுள் பெரும்புகழ் பெற்றிருந்தது சூயஸ் கால்வாய்க் கம்பனியின் பங்கு. கால்வாய் 1869 இல் திறக்கப்பட்டது. கடன் தொல்லை தாங்காத எகிப்திய ஆட்சியாளர் கெதீவ் இஸ்மாயில், தம்மிடமிருந்த 176,602 பங்குகளை 1875 இல் ஏறத்தாழ 40 இலட்சம் பவுணுக்குப் பிரித்தானிய அரசுக்கு விற்றார். பிரதமர் டிஸ்ரேலி ரொத்ஸ்சைல்ட் குடும்பத்தாரிடம் கடன்பெற்று அவற்றை வாங்கிய கதை பலரும் அறிந்தது. அதிகம் பேசப்படாத செய்தி வேறொன்று. அப்பங்குகளுக்குரிய பங்கிலாபச் சீட்டுகளை 1894 ஆம் ஆண்டு வரைக்கும் கெதீவ் முன்னரே கம்பனிக்கு விட்டுக்கொடுத்திருந்தார். பங்கு கைமாறிற்று, பங்கிலாபம் கைமாறவில்லை. அதற்கு ஈடாக ஆண்டுக்கு 5 வீத வட்டியை எகிப்து கட்டுவதென ஏற்பாடாயிற்று. ஆக, இலண்டனுக்கு வரவேண்டியிருந்த பணம் கால்வாயிற் சென்ற கப்பல்கள் ஈட்டித்தந்த பணமன்று. கடனில் மூழ்கிக்கொண்டிருந்த ஒரு திறைசேரியின் பணம். வரவுப் புத்தகத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

இக்கதைக்குப் பிற்பகுதியும் உண்டு. கால்வாயை நடத்தும் உரிமை 99 ஆண்டுகளுக்கே, அதாவது 1968 வரைக்குமே, வழங்கப்பட்டிருந்தது. முடிவுநாள் குறிக்கப்பட்ட உரிமையொன்று தரும் பங்கிலாபத்தில் ஒரு பகுதியே வருமானம். மறுபகுதி நாம் இட்ட முதல் சிறுகச் சிறுகத் திரும்பி வருவது. அம்முடிவுநாளும் உறுதியன்று. 12 ஆண்டுகள் எஞ்சியிருக்கையிலேயே, 1956 யூலை 26 இல், நாசர் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். 1958 உடன்பாட்டின்படி 283 இலட்சம் எகிப்தியப் பவுண் இழப்பீடு கிடைத்தது. அதனுடன், எகிப்துக்கு வெளியே கம்பனி சேர்த்துவைத்திருந்த சொத்துகளும் அதனிடமே விடப்பட்டன. கிடைத்ததையெல்லாம் ஆண்டுதோறும் பகிர்ந்து முடித்திருந்தால் அச்சொத்து ஏது? இன்று உலகிலுள்ள கட்டணச் சாலை உரிமைகள் பலவும் இத்தகைய காலவரையறை உடையனவே. ஆகவே நிதியத்தின் கைவசமுள்ள உரிமைகள் எத்தனை ஆண்டுகளுக்கு உரியன என்று பார்த்தல் வேண்டும்.

அண்மைக்கால உதாரணம் ஒன்று. அமெரிக்காவின் கின்டர் மோர்கன் என்னும் குழாய்வழிக் கம்பனி காலாண்டுக்கு 51 சதம் பங்கிலாபம் கொடுத்துவந்தது. வாயுவைக் கொண்டுசெல்லும் குழாய்களுக்கு நீண்டகால ஒப்பந்தங்கள் இருந்தன, வரவும் குறைவன்று. ஆனால் வந்த பணத்தைப் பங்காளருக்குக் கொடுத்துவிட்டு, புதிய குழாய்களைக் கடன் வாங்கியும் புதுப்பங்கு விற்றும் அமைத்தது. 2015 இல் எண்ணெய் விலை வீழ, பங்கு விலையும் வீழ்ந்தது. வெளிப்பணம் பெறுவது கடினமாயிற்று. டிசெம்பர் 8 ஆம் நாள் பங்கிலாபம் 12.5 சதமாகக் குறைக்கப்பட்டது. அதற்குச் சற்று முன்னர், பங்கு விலை வீழ்ந்தமையாலேயே, அதன் பங்கிலாப வீதம் பத்துக்கு மேல் ஏறிக் காட்சியளித்தது. வீதம் உயர்ந்திருப்பது கொடையின் பெருமையாலா, விலையின் வீழ்ச்சியாலா என்பதை முதலில் தெளிதல் நன்று. சிட்னி விமான நிலையமோ வேறுவகை: 2019 இல் பங்கொன்றுக்கு 39 அவுஸ்திரேலிய சதம் கொடுத்தது, கொரோனா பரவி வானூர்திகள் ஓய்ந்த 2020 இல் ஒன்றுமே கொடுக்கவில்லை. மின்கம்பியும் ஓடுபாதையும் ஒரே பெயரின்கீழ் அடங்கினாலும் ஒரே தன்மையன அல்ல.

இனி நிதியத்தின் கணக்கைப் பார்ப்போம். ஓர் அலகின் தேறிய சொத்துப் பெறுமதி 20 டொலர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1.60 டொலர், அதாவது 8 வீதம், கொடுக்கின்றது. செலவு போகக் கம்பனிகளிடமிருந்து வந்த வருமானம் 70 சதம்; பங்கு விற்றுப் பெற்ற இலாபம் 40 சதம்; மிகுதி 50 சதம் நமது முதலிலிருந்தே எடுத்துத் தரப்பட்டது. வேறு மாற்றமில்லையெனின் பெறுமதி 19.50 ஆகும். அடுத்த ஆண்டும் 1.60 கொடுத்தால் வீதம் 8.2! முதல் தேயத் தேய வீதம் வளர்ந்துகொண்டே போகும். விளம்பரம் எழுதுவோருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அமெரிக்காவில் 1940 ஆம் ஆண்டின் முதலீட்டுக் கம்பனிகள் சட்டம், தேறிய வருமானம் அல்லாத வழியிலிருந்து பணம் கொடுக்கும் நிதியம் அதனை எழுத்தில் அறிவிக்க வேண்டுமென்கின்றது. அவ்வறிவித்தல் மதிப்பீடே, ஆண்டு முடிவிற் கணக்கு மாறலாம். முதல் திருப்பம் எல்லாம் கேடு என்பதுமன்று. குழாய்வழிக் கூட்டுநிறுவனங்கள் தேய்மானச் சலுகையால், உழைத்த பணத்தையே வரிக்கணக்கில் அப்பெயரில் அனுப்புவதுண்டு. ஐயம் தீர ஒரு வழி உண்டு: ஐந்து, பத்து ஆண்டுகளில் தேறிய சொத்துப் பெறுமதியின்மீது கிடைத்த முழுப்பயனின் ஆண்டுச் சராசரியை எடுத்து, பங்கிலாப வீதத்தோடு ஒப்பிடுக. முழுப்பயன் 5 ஆகவும் பங்கிலாபம் 8 ஆகவும் நீடித்தால், இடைவெளி முதலிலிருந்து போகின்றது.

கடன் வாங்கி முதலிடும் நிதியமாயின் வட்டியையும் நோக்குக. 2022 மார்ச்சுக்கும் 2023 யூலைக்கும் இடையில் அமெரிக்க மத்திய வங்கி தன் வட்டி வீதத்தைப் பூச்சியத்தை அண்டிய நிலையிலிருந்து 5.25 முதல் 5.5 வரையான நிலைக்கு உயர்த்தியது. பங்காளருக்குரிய பணத்தை அது நேரே அரிக்கும்.

நம் நாட்டிலிருந்து கணக்குப் பார்ப்போர் ரூபாவினாலும் மயங்கலாம். 2022 மார்ச்சுத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. டொலரில் ஒரு சதமும் கூடாத பங்கிலாபம் ரூபாவில் முக்கால் பங்கு பெருத்தது. நிதியத்தின் தகுதியை டொலர்க் கணக்கிலேயே அளத்தல் வேண்டும். மேலும், அந்நாட்டில் வதியாதவரின் பங்கிலாபத்தில் அமெரிக்கா பொதுவாக 30 வீத வரியைக் கழித்தே கொடுக்கும். வரி உடன்படிக்கை இருப்பின் அது குறையும். முகவர் சொல்லும் 8 வீதம் இக்கழிவுக்கு முன்னரோ பின்னரோ என்பதை வாங்குமுன் எழுத்தில் கேட்டுப் பெறுக.